பெடல் ஸ்டீலுக்கு முதலில் டிலே, அப்புறம்தான் ரிவெர்ப்

சாதாரண எலெக்ட்ரிக் கிதாரில் அருமையாக ஒலித்த ரிவெர்ப் பெட்டியை (ஒலிக்கு மண்டப முழக்கம் போன்ற ஒரு வாலைச் சேர்ப்பது), நாப்கள் வைத்த இடத்திலேயே இருக்க, பெடல் ஸ்டீலில் (கிடையாக வைத்து, கம்பிகள்மேல் பார் என்ற உலோகத் துண்டை நகர்த்தி, கால் பெடலால் சுருதி மாற்றி வாசிக்கும் கிதார்) மாட்டிப் பாருங்கள். இரண்டு தாளச் சுற்று வாசிப்பதற்குள் எல்லாம் குழம்பிவிடும். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. ஸ்டீலில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாரை மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து எட்டாம் ஃப்ரெட்டுக்கு இழுக்கும்போது வழியில் கடந்த அத்தனை ஸ்தானங்களையும் ரிவெர்பின் வால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாரு பாடும்போது விட்டுவந்த சுரம் தம்புரா மாதிரி பின்னால் ஒலித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

போதாக்குறைக்கு ஸ்டீலின் ஒலி இயல்பிலேயே நீளமானது. கனமான பார், கூடவே வால்யூம் பெடலை மெல்லத் திறந்து ஒலியைத் தாங்கிப் பிடிக்கும் கால். ரிவெர்ப் செய்ய வேண்டிய வேலையில் பாதியை வாத்தியமே செய்துவிடுகிறது. அதனால் ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்வது) வாங்குங்கள். உங்களுடையது ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் மாதிரி ஆம்ப்ளிஃபையராக இருந்தால் ஸ்பிரிங் ரிவெர்ப் உள்ளேயே இருக்கிறது. அதை 2, 2.5-க்கு மேல் திருப்பாமல் இருந்தால் முக்கால்வாசிப் பாட்டுக்கு அதுவே போதும்.

டிலேயிலும் உரசல் வரும். ஸ்டீலில் அதிகம் புழங்கும் நாஷ்வில் ஈ9 ட்யூனிங்கில் 3, 4, 5-ஆம் கம்பிகளை ஓபனாக மீட்டினால் ஜி ஷார்ப், ஈ, பி. அதாவது ஈ மேஜர். ஏ, பி எனப்படும் கால் பெடல்களைச் சேர்த்து மிதித்தால் ஜி ஷார்ப் சுரம் ஏ ஆகும், பி சுரம் சி ஷார்ப் ஆகும். கார்டு ஏ மேஜராக மாறிவிடும். டிலே 400 மில்லி செகண்டில் இருக்கிறது, மீட்டி 300 மில்லி செகண்டில் மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரிப்பீட் பழைய ஜி ஷார்ப்பைச் சொல்லும்போது கம்பியில் ஏ ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த 300 மில்லி செகண்ட் முழுக்க அரை ஸ்தான மோதல். அதன் பிறகு ரிப்பீட்டும் ஏறி வந்து சேர்ந்துகொள்ளும். ரிப்பீட்டின் அளவு நேர் ஒலியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 14 டெசிபெல் கீழே இருந்தால் இந்த மோதல் ஒரு மெல்லிய நிழலாகத்தான் கேட்கும். பாதி அளவுக்கு ஏற்றினால் சுருதி விலகியதாகவே கேட்பவர் நினைப்பார்.

ஆகவே மெதுவான பாட்டுக்கு 350 முதல் 430 மில்லி செகண்ட், இரண்டு அல்லது மூன்று ரிப்பீட், மிக்ஸ் (நேர் ஒலியோடு சேரும் ரிப்பீட்டின் அளவு) 20 சதவீதத்தை ஒட்டி. இங்கிருந்து தொடங்குங்கள். நிமிடத்துக்கு 70 பீட் என்றால் ஒரு பீட் 857 மில்லி செகண்ட், அரை பீட் 429. (60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் கிடைக்கும்.) வேகமான பாட்டுக்கு 90 முதல் 130 மில்லி செகண்டில் ஒரே ஒரு ரிப்பீட். கையால் கம்பியை பிளாக் செய்து உண்டாக்கும் சின்ன மௌனங்கள்தான் வேகமான ஸ்டீல் வாசிப்பின் உயிர்; நீண்ட டிலே அந்த மௌனங்களை விழுங்கிவிடும்.

ரிப்பீட் கொஞ்சம் மங்கலாக இருப்பது நல்லது. பழைய அனலாக் டிலேக்களும் டேப் எக்கோவும் ஸ்டீலுக்கு அவ்வளவு பொருந்துவதற்கு அதுதான் காரணம்: திரும்ப வரும் ஒலியில் ட்ரெபிள் குறைந்துகொண்டே போகும், விரல் பிக்கின் டிக் சத்தம் இரண்டாம் முறை கேட்காது. பாஸ் (Boss) நிறுவனத்தின் டிடி-3 போன்ற டிஜிட்டல் பெட்டியில் ரிப்பீட் பளிச்சென்று வரும். அதற்கு மிக்ஸை இன்னும் ஒரு பிடி குறைக்க வேண்டும். டோன் நாப் உள்ள டிஜிட்டல் டிலே கிடைத்தால் கவலையே இல்லை.

ரிவெர்ப் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மாடுலேஷனை முழுக்க அணைக்க முடியுமா என்று. பல புதிய பெட்டிகள் வாலை லேசாக அலைய விடும். ஸ்டீலுக்கு பார் வைப்ரேட்டோ (பாரை அசைத்துச் சுரத்தை அலைய விடுவது) ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு அலைவும் சேர்ந்தால் சுருதி எங்கே என்று உங்களுக்கே தெரியாது. பிறகு ப்ரீ-டிலே: 40 முதல் 60 மில்லி செகண்ட் கொடுத்தால் மீட்டு தெளிவாக விழுந்த பிறகே வால் தொடங்கும். டிகே, அதாவது வால் அடங்கும் நேரம், இரண்டு செகண்டுக்குள். லோ கட் இருந்தால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், முக்கியமாக இரட்டைக் கழுத்து ஸ்டீலில் சி6 ட்யூனிங் உள்ள கழுத்தின் தடித்த கம்பிகளுக்கு. ஹால் (பெரிய மண்டப ஒலி) வகையைவிட பிளேட் (தகடு அதிரும் ஒலி) வகைதான் என் தேர்வு. 1957-இல் வந்த ஸ்டூடியோ ரிவெர்ப் கருவி இஎம்டி 140-இன் எஃகுத் தகடு தந்த அந்தச் சீரான, அடர்த்தியான வால் ஸ்டீலோடு ஒட்டிக்கொள்ளும், தனியாகத் துருத்தாது. ரிவெர்ப், டிலே இரண்டும் ஒன்றாக ஓடும் பாஸ் ஆர்வி-3 இப்போது பழைய சந்தையில்தான் கிடைக்கும், ஆனாலும் ஸ்டீல்காரர்கள் தேடி வாங்குவார்கள்.

இணைக்கும் வரிசையில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது: டிலேயும் ரிவெர்பும் வால்யூம் பெடலுக்குப் பின்னால். முன்னால் வைத்தால் கால் மூடியதும் வால் சட்டென்று அறுந்துவிடும். அடுத்த சுரத்துக்காகத் திறக்கும்போது பழைய ரிப்பீட்டும் சேர்ந்து பொங்கி வரும். ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி) இருந்தால் அது டிலேக்கு முன்னால்.

வால்யூம் பெடல் பாட் வகை (உள்ளே சுழலும் மின்தடை உள்ளது) என்றால், சத்தத்தைக் குறைக்கும்போது டோனும் மங்கும். பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) இம்பீடன்ஸ், அதாவது மின் எதிர்ப்பு, அதிகம்; 500 கிலோ ஓம் பாட்டும் கேபிளும் அதன் ட்ரெபிளைத் தின்றுவிடும். பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு பஃபர் (சிக்னல் தேயாமல் காக்கும் சின்ன மின்சுற்று) வைத்தால் இது நின்றுவிடும். பாட் தேய்ந்து கரகரத்தால் உடனே மாற்றிவிடுங்கள். அந்தக் கரகரப்பையும் டிலே மூன்று முறை சொல்லும்.

கட்டைவிரல் பிக்கால் ஓங்கி மீட்டும்போது டிஜிட்டல் பெட்டியில் வெடிப்புச் சத்தம் வந்தால் உள்ளீடு மிஞ்சுகிறது என்று பொருள். ஸ்டீல் பிக்கப்கள் பொதுவாக ஹாட்டானவை, அதாவது வலுவான சிக்னல் தருபவை. வால்யூம் பெடலைப் பாதி திறப்பிலேயே வைத்து மீட்டி, மீதியை சஸ்டெயினுக்கு ஒதுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெல்லிய கீச்சு கேட்டால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்: டிஜிட்டல் ரிவெர்பையும் மற்ற பெடல்களையும் ஒரே டெய்சி செயினில் (பல பெடல்களுக்கு மின்சாரம் பிரிக்கும் ஒரே வயர்) போட்டிருப்பீர்கள். தனித்தனி அவுட்புட் உள்ள சப்ளை வேண்டும். ஸ்ட்ரைமன் ஃபிளின்ட் போன்ற ரிவெர்ப் பெட்டிகளுக்கு 250 மில்லிஆம்ப் அல்லது அதற்கு மேல் தேவை, 100 மில்லிஆம்ப் அவுட்புட்டில் சரியாக ஓடாது.

கடையில் சோதிக்கும்போது கார்டு மீட்டி நிறுத்திக் கேட்காதீர்கள், அதில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் ஃப்ரெட் ஜி-யிலிருந்து எட்டாம் ஃப்ரெட் சி-க்கு மெதுவாக இழுத்து, சேர்ந்த இடத்தில் வைப்ரேட்டோ இல்லாமல் நில்லுங்கள். சி கார்டு உடனே தெளிந்து நிற்கிறதா என்று கேளுங்கள். தெளிய நேரமானால் மிக்ஸைக் குறைத்து மறுபடி இழுங்கள். மிக்ஸ் பத்து சதவீதத்துக்கு இறங்கியும் தெளியவில்லை என்றால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மேடையில் வாசிக்கும்போது ரிவெர்பை வீட்டில் வைத்ததில் பாதியாக்குங்கள். மண்டபமே தன் பங்கைச் சேர்க்கும். மிக்ஸரில் இருப்பவரிடம் ஸ்டீல் சேனலில் ரிவெர்ப் போட வேண்டாம் என்று சவுண்ட் செக்கின்போதே சொல்லிவிடுங்கள்.