கணக்கைத் தொடங்கும் முன் முடிவைப் பாருங்கள்: முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு

பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், மலேசிய உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இன் கணிதம் டி இரண்டாம் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடு (ஓர் அளவும் அது மாறும் வீதமும் சேர்ந்து வரும் சமன்பாடு) என்றதும் தயங்குகிறார்கள். நானும் இங்கே அதே பாடத்தைப் படித்தவன். நுண்கணிதத் தாளில் நம்பி மதிப்பெண் எடுக்கக்கூடிய பகுதி இதுதான் என்பேன். கெழுக்கள் மாறிலிகளாக உள்ள முதல் வரிசைக் கணக்கு (முதல் வகைக்கெழு மட்டுமே வரும் கணக்கு) வந்தால் விடவே கூடாது.

மாமாக் கடை தே தாரிக்கை எடுத்துக்கொள்வோம். தேநீரின் சூடு 80 டிகிரி, கடையின் சூடு 30 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அதற்கு நேர்விகிதத்தில் தேநீர் ஆறும் என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. விகித மாறிலி நிமிடத்துக்கு 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை வெ, நேரம் நே, வெ மாறும் வீதம் வெ′ என்றால்:

வெ′ + 0.1வெ = 3

இங்கே பேனாவை ஓட்டாதீர்கள். முதலில் வெ′ பூஜ்யம் என்று வையுங்கள். வெ = 30 என்று வரும். தேநீர் கடைசியில் போய் நிற்கும் இடம் அது. இதைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம் வலப்பக்கத்தைப் பூஜ்யமாக்கினால், க ஈ^(−0.1நே) என்ற தீர்வு கிடைக்கும். ஈ என்பது 2.718 என்று தொடங்கும் எண், க நாம் கண்டுபிடிக்க வேண்டிய மாறிலி. இரண்டையும் கூட்டினால் வெ = 30 + க ஈ^(−0.1நே). தொடக்கத்தில் 80 என்பதால் க = 50. பத்து நிமிடம் கழித்துச் சூடு ஏறத்தாழ 48.4 டிகிரி.

மாறிகளைப் பிரித்து, அதாவது வெ ஒரு பக்கமும் நே மறுபக்கமுமாக வைத்துத் தொகையிட்டுச் செய்தாலும் இதே விடைதான். ஆனால் அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. தொகையிட்ட அதே வரியில் மாறிலியைப் போட வேண்டும். மடக்கையை நீக்கிய பிறகு நினைவு வந்து கடைசியில் ஒட்டினால், வெ = 30 + ஈ^(−0.1நே) + க என்றாகிவிடும். தொடக்க மதிப்பைப் போட்டால் க = 49. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நேரம் போகப்போக இந்தத் தேநீர் 79 டிகிரியிலேயே நின்றுவிடும்! ஓரத்தில் எழுதிய 30 இந்தத் தவறை உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு வழியான தொகையீட்டுக் காரணி, அதாவது இடப்பக்கம் ஒரே வகைக்கெழுவாக மாறும்படி இருபுறமும் பெருக்கும் கோவை, எதற்கு என்று கேட்பீர்கள். வலப்பக்கம் மாறிலியாக இல்லாதபோது அதன் அருமை தெரியும். நேரத்தோடு மாறும் ஓர் அளவை ய என்று வைத்து, ய′ + 2ய = ஈ^(−2நே) என்பதைப் பாருங்கள். சிறப்புத் தீர்வு அ ஈ^(−2நே) என்று ஊகித்தால் இடப்பக்கம் முழுதும் பூஜ்யமாகிவிடும். காரணி ஈ^(2நே)-ஆல் இருபுறமும் பெருக்குங்கள். இடப்பக்கம் ய ஈ^(2நே) என்பதன் வகைக்கெழு, வலப்பக்கம் வெறும் 1. எனவே ய = (நே + க) ஈ^(−2நே). ஊகமே தேவைப்படவில்லை. இந்த ஒரு வழியை நன்றாகப் பழகியவருக்கு மற்றவை தானாக வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். கேள்வி குறிப்பிட்ட முறையைக் கேட்டால் மட்டும் அந்த முறையிலேயே செய்யுங்கள்.

தாளுக்கு 90 நிமிடம், 60 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம்தான். அதற்குள்ளும் விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். மிஞ்சிப்போனால் இரண்டு வரி வேலை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள்: ய′ + 4ய = 12, தொடக்கத்தில் ய = 1. நிலைத்த மதிப்பு 3, விடை 3 − 2ஈ^(−4நே) என்று வர வேண்டும். வகையிட்டு, இடப்பக்கத்தில் போட்டு, 12 வருகிறதா என்று சரிபாருங்கள்.