சிரிப்பவர் யார்?

"இவ்வளவு கொடுமையை இந்த எழுத்தாளர் எப்படிச் சிரித்துக்கொண்டே எழுதினார்?" இன்று மாலை வாசிப்புக் கூட்டத்தில் ஒரு மாணவி கோபமாகக் கேட்டாள்.

ரிங் லார்ட்னர் 1925-இல் எழுதிய ‘ஹேர்கட்’ கதை. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் முடிதிருத்துநர், ஊருக்குப் புதிய வாடிக்கையாளரிடம், செத்துப்போன ஜிம் கெண்டாலின் குறும்புகளைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

சர்க்கஸ் டிக்கெட்டோடு வருகிறேன், கூடார வாசலில் நில்லுங்கள் என்று மனைவியிடமும் இரண்டு பிள்ளைகளிடமும் சொல்கிறான் ஜிம்.

மனைவியைப் பழிவாங்கத்தான்.

அவர்கள் காத்து நிற்கிறார்கள். அவன் குடித்துவிட்டு வேறெங்கோ கிடக்கிறான். பிள்ளைகளின் அழுகை ஓயவே இல்லை.

முடிதிருத்துநருக்கு ஜிம் கடைசிவரை வேடிக்கையான ஆள்தான். ஆனால் அந்த அழுகையையும் அவர் வாயாலேயே லார்ட்னர் சொல்லவைத்திருக்கிறாரே, எழுத்தாளரின் மனம் அங்கே இருக்கிறது. கதைசொல்லியான முடிதிருத்துநரின் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் தரும் விவரங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவர் பொய்யர் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்விப்பட்டதை ஒளிக்காமல் கொட்டுகிறார். அதன் பொருள்தான் அவருக்கு எட்டவில்லை. எட்டாமல் இருந்ததில் அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கடையில் உட்கார்ந்து ஜிம்மோடு சேர்ந்து சிரித்த ஊருக்கே வசதி இருந்தது. ஜிம்மைவிட அந்த ஊர்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.