கிண்டியா, நெல்லையா?

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். முதல் வரியில் எந்தக் கல்லூரி என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

"பாளையங்கோட்டைக்குப் படிக்க எங்கெங்க இருந்தோ பிள்ளைய வருதுவ, நீ எதுக்குளா மெட்ராஸுக்குப் போணும்?" என்கிறாள் ஆச்சி. நியாயம்தான். நெல்லையிலேயே 1981 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. முக்கூடலிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றவும் முடியும். நான் போய்விட்டால் அம்மா தனியாகத்தான் சுற்ற வேண்டும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

பணம் அவ்வளவு தடையில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பார்த்துக்கொள்ளும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும்.

ஆனால் நான் படிக்க நினைப்பது ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது நிலத்தைப் பற்றிய தகவல்களைக் கணினியில் சேர்த்து வரைபடமாக்கும் படிப்பு. அது சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது, நெல்லை அரசுக் கல்லூரியில் இல்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஓடியது. இந்தப் படிப்பு இருந்தால், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வரும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் காட்ட முடியும். அந்த வேலையை நம் ஆற்றுக்குச் செய்ய வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

அப்பா நேற்று, "கிண்டியையே முதல்ல போடு, அம்மாட்ட நான் பேசுதேன்" என்றார். சரி, போடப் போகிறேன்.

கிண்டி விடுதியில் இருந்த அக்காமார் யாராவது இருந்தால் சாப்பாடு, தண்ணீர், பாதுகாப்பு எல்லாம் எப்படி என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.