களஞ்சியம் என்று எழுதும்போது

நாளிதழ் ஒன்றின் தஞ்சைப் பதிப்பில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்த புதிதில், ஒரு நாளைக்கு எத்தனை 'ஏராளமான' வருகிறது என்று எண்ணிப் பார்ப்பேன். கூட்டச் செய்தி என்றால் 'ஏராளமான பொதுமக்கள் கலந்துகொண்டனர்' என்று முடியும். கோயில் என்றால் 'திரளான பக்தர்கள்'. தேர்தல் என்றால் 'அமோக வெற்றி'. செய்தி வருவதற்கு முன்பே சொல் வந்து உட்கார்ந்திருக்கும். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எழுத்துப்பிழை இல்லை, ஒற்று விடவில்லை, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவேன்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். புலவர் பட்டம் வாங்கியவர். எல்லோருக்கும் அவர் ஐயா. மிகுதியைச் சொல்லத் தொல்காப்பியம் உறு, தவ, நனி என மூன்று உரிச்சொற்களைச் சொல்கிறது, நன்னூல் அதோடு சால, கூர், கழி சேர்த்து ஆறாக்குகிறது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "இதெல்லாம் செய்யுளோட போச்சுன்னு நினைக்காதேம்மா. நீ நாள் முழுக்க 'ரொம்ப, ரொம்ப'ங்கிறியே, அது என்ன? நிரம்பங்கிற சொல்தான்" என்றார். அன்றிலிருந்து 'ரொம்ப' என்று சொல்லும்போதெல்லாம் விளிம்புவரை தண்ணீர் ஏறிய ஒரு குடம் எனக்குத் தெரியும்.

ஐயா விரும்பியது இரட்டைச் சொற்களை. கட்டுக்கட்டாகப் பணம், மூட்டை மூட்டையாக நெல், கூடை கூடையாகப் பூ, கொத்துக்கொத்தாகக் காய், சாரைசாரையாக மக்கள். அளந்த பாத்திரமோ, கட்டிய கயிறோ, நகர்ந்த விதமோ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஏராளமான பூக்கள் கொட்டப்பட்டன' என்று படித்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. 'கூடை கூடையாகப் பூ கொட்டினார்கள்' என்றால் கூடையும் தெரிகிறது, அதைத் தூக்கிவந்த கையும் தெரிகிறது. நிருபர்களுக்கு நான் இதை விடாமல் சொல்வேன். நீங்கள் நேரில் பார்த்தீர்களே, எதில் கொண்டுவந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

ஒரு சொல்லில் நான் செய்த தவறு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வாழை நன்றாக விளைந்திருக்கிறது, தார்கள் மலிந்து கிடக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். இடம் போதவில்லை. 'வாழைத்தார் மலிவு' என்று தலைப்பைச் சுருக்கினேன். மறுநாள் காலை ஒரு விவசாயி அலுவலகத்துக்குப் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "விலை நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சும்மா. இன்னைக்கு வியாபாரி பேப்பரக் காட்டிக் குறைச்சுக் கேக்கிறாரு" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மலிதல் என்றால் நிறைதல். மலிவு என்பதும் முதலில் நிறைவுதான். 'ஊழல் மலிந்த' என்று எழுதும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. பொருள் நிறைந்தால் விலை இறங்கும், அதனால் நிறைவைச் சொன்ன சொல் குறைந்த விலையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அது இனிப்பான சொல். விளைவித்தவர் பக்கம் நின்றால் வயிற்றில் அடிக்கிற சொல். நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று யோசிக்காமலே அந்தத் தலைப்பைப் போட்டேன். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அவருடைய தார்கள் அதற்குள் வண்டி ஏறியிருக்கும்.

அமோகமும் பொருள் மாறிய சொல்தான். வடமொழியில் வீண்போகாதது, பலிப்பது என்று பொருள். நாம் அதை அளவுக்கு வைத்துக்கொண்டோம். அமோக விளைச்சல் என்பதில் இரண்டு பொருளும் சேர்வதால் அந்த இடத்தில் எனக்குப் பிடிக்கும். காய்ச்சல் பரவுவதற்கு அமோகம் என்று யாராவது எழுதினால் பேனா தானாகவே போய் அடிக்கும்.

மிகுதியைவிட, அது வரும் இடத்தைச் சொல்லும் சொற்களில்தான் அதிகம் தடுமாறுகிறோம். ஊற்று, சுரங்கம், களஞ்சியம், அமுதசுரபி எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுகிறோம். சின்ன வயதில் கோடையில் குடமுருட்டி ஆற்று மணலில் ஊற்றுப் பறிப்போம். முழங்கை ஆழம் தோண்டினால் மணல் கறுக்கும். முதலில் கலங்கல்தான் வரும். கொட்டாங்கச்சியால் அதை இறைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், அடியிலிருந்து பொடிமணல் குமிழியிட்டு, கண்ணாடி மாதிரி தண்ணீர் ஏறும். அள்ளினால்தான் அது தெளியும். சுரங்கம் அப்படி இல்லை, எடுக்க எடுக்கக் குறையும். களஞ்சியத்தில் நாம் போட்டது மட்டும்தான் இருக்கும். ஒரு நல்ல ஆசிரியரை 'அறிவுச் சுரங்கம்' என்று எழுதி வந்தால் 'ஊற்று' என்று மாற்றுவேன். மாணவர்கள் கேட்கக் கேட்கத் தெளிகிறவர் அவர்.

அமுதசுரபியைப் பற்றி ஐயா சொன்னது இன்னொன்று. அதை நாம் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மணிமேகலைக் காப்பியத்தில், மழை பெய்து பாண்டிநாடு செழித்ததும், அந்தப் பாத்திரத்தால் பசித்தவர்களுக்குச் சோறிட்டு வந்த ஆபுத்திரனிடம் சோறு வாங்க ஆள் வரவில்லை. பாத்திரம் வெறுமனே இருந்தது. பசி இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை. அதனால், கடைத் தள்ளுபடிக்கு அமுதசுரபி என்று வரும் வரியை அவர் ஒருநாளும் விடமாட்டார்.

2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டாவில் பயிர் கருகிக் கிடந்த நேரம். அன்று வந்த செய்தி, 'தமிழகத்தின் நெற்களஞ்சியமான தஞ்சையில்' என்று வழக்கம்போலத் தொடங்கியது. ஐயா அந்த ஒரு சொல்லைச் சிவப்பால் சுழித்துவிட்டுச் சொன்னார்: "களஞ்சியம்னா உள்ளே நெல் இருக்கணும்மா."

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா, "வரும்போது கடையில சொல்லிட்டு வந்தியா? அரிசி நிறைஞ்சிருக்கு" என்றார். அரிசி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அரிசியை 'இல்லை' என்று யாரும் சொன்னதில்லை. களத்தில் தாத்தா மரக்காலால் நெல் அளக்கும்போதும், முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்றுதான் தொடங்குவார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அவர் குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும் கொஞ்சம் நீளும். வெறும் பானையிடமும் நிறைவு என்றே பேசுகிறவர்களின் மொழியில் வேலை பார்க்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செய்தியில் அப்படி எழுத முடியாது. அங்கே இல்லையென்றால் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

2020-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, டெல்டா பாசனத்துக்குக் குறித்த நாளான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தது. ஐயா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். இரவில் செய்திப் பக்கம் என் மேசைக்கு வந்தது. 'நெற்களஞ்சியமான தஞ்சை டெல்டாவில் குறுவைப் பணிகள் மும்முரம்' என்று இருந்தது. பேனாவை எடுத்து, 'மும்முரம்' என்பதை மட்டும் அடித்துவிட்டு 'தொடங்கின' என்று எழுதினேன்.