ஆவிக்கு ஒன்றரை மீட்டர்

மேடை வித்தைக்காரருக்கு ஒரு பெரிய சலுகை உண்டு: பார்க்க வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கலைக்கூடத்தில் வருகிறவர் நடப்பார், குனிவார், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டுவார், போன் டார்ச்சை அடிப்பார். மறைவில் இருக்கும் உருவத்தின் பிம்பத்தை வெற்றுக் கண்ணாடியில் விழவைத்து ஆவியாகக் காட்டும் ‘பெப்பரின் ஆவி’ என்ற பழைய மேடைத் தந்திரத்தை, வருகிறவர் சுற்றி வந்து பார்க்கும் நிறுவல் கலையாகக் கட்டும்போது வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பொறியாளர் ஹென்றி டிர்க்ஸ் யோசித்து வைத்திருந்த இந்த உத்தியை ஜான் ஹென்றி பெப்பர் 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் மேடையேற்றினார். டிர்க்ஸ் சொன்னபடி செய்தால் அரங்கையே மாற்றிக் கட்ட வேண்டும். பெப்பர் கண்ணாடியைப் பார்வையாளர் பக்கம் சாய்த்தார். ஆவியாக நடிப்பவரை மேடைக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் இறக்கினார். அவ்வளவுதான். கலைக்கூடத்தில் பள்ளம் தோண்ட விடமாட்டார்கள் என்பதால் பக்கவாட்டில் ஓர் இருட்டறை. பார்க்கும் ஜன்னலுக்கு நேரே நிஜ நாற்காலி, நடுவில் 45 டிகிரி திருப்பி நிறுத்திய வெற்றுக் கண்ணாடி, ஜன்னலிலிருந்து தெரியாத பக்க அறையில் பொம்மை. பொம்மைமேல் விளக்கு ஏறினால் நாற்காலியில் ஆவி உட்காரும்.

கணக்கு இரக்கமில்லாதது. பொம்மை கண்ணாடிக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் இருந்தால், ஆவி கண்ணாடிக்குப் பின்னால் அதே ஒன்றரை மீட்டரில்தான் தெரியும். நாற்காலி 5 செ.மீ. பின்னால் தள்ளிப்போனாலும், நேரே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஓர் அடி நகர்ந்தவுடன் ஆவி நாற்காலியை விட்டு வழுக்கும். உயரத்திலும் அப்படித்தான். பொம்மையின் மேடை 2 செ.மீ. கூடினால் பாதம் தரையில் படாது. கண்ணாடி 1 டிகிரி திரும்பினால் பிம்பம் 2 டிகிரி திரும்பும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் அது சுமார் 5 செ.மீ. யாராவது சட்டத்தில் சாய்ந்தாலே போதும். அதனால் கண்ணாடியைத் தரையில் பள்ளமுள்ள மரச்சட்டத்தில் இறக்கி, சட்டத்தைத் தரையோடு முடுக்கிவிட வேண்டும்.

பிம்பம் இடவலம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மறப்பார்கள். பொம்மைக்குப் புடவை கட்டினால் முந்தானையை வலது தோளில் போட்டால்தான் ஆவிக்கு இடது தோளில் விழும். கையில் கடிதம் கொடுத்தால் எழுத்தையும் திருப்பி எழுத வேண்டும்.

கண்ணாடி வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது. 45 டிகிரியில் சாதாரணக் கண்ணாடியின் இரண்டு முகங்களும் சேர்ந்து திருப்பி அனுப்புவது விழும் ஒளியில் 10 சதவீதத்தை ஒட்டித்தான். இரண்டு முகம் என்பதால் இரண்டு பிம்பம். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி தடிமனில் முக்கால் பங்கு: 6 மி.மீ. கண்ணாடிக்கு நாலரை மி.மீ., 10 மி.மீ.க்கு ஏழரை. முகம் அளவுள்ள ஆவியின் கண், மூக்கெல்லாம் இரட்டையாகிவிடும். மெல்லிய கண்ணாடி நல்லது. ஆனால் ஆட்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் பாதுகாப்பு வேண்டும். சூடாக்கிக் குளிர்வித்து வலுவாக்கிய டஃப்பண்டு கண்ணாடியில் சூளை உருளைகள் விட்ட மெல்லிய அலை இருக்கும். நேரே பார்த்தால் தெரியாது, பிம்பத்தில் ஆவியின் தோள் நெளியும். அக்ரிலிக் எடை குறைவு. பெரிய தகடு தானே தொய்ந்து பிம்பத்தை வளைக்கும், அமோனியா கலந்த கிளீனர் பட்டால் மேற்பரப்பு நுண்ணிதாக வெடிக்கும். பதப்படுத்தாத 3 மி.மீ. கண்ணாடி இரண்டை ஒட்டிய லேமினேட்டட்தான் பெரும்பாலும் சரிவரும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் 60 கிலோ. நாலு பேரும் உறிஞ்சு கைப்பிடிகளும் இல்லாமல் தூக்கக் கூடாது.

பொம்மைக்குப் பதில் எல்சிடி திரை வைப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. திரை எரியும், ஆவி மட்டும் தெரியாது. திரையின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. அந்தத் தளம் தவறிவிட்டால் 45 டிகிரியில் ஒரு முகம் திருப்பி அனுப்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு, சரியாக அமைந்தால் 9. போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் குளிர்கண்ணாடியைச் சுற்றினால் தளம் புரிந்துவிடும். திரையை 90 டிகிரி திருப்பி நிறுத்தி, காட்சியையும் திருப்பி ஓட்டினால் சரி.

கண்ணாடியை விடக் கறுப்புதான் முக்கியம் என்பேன். பக்க அறையில் பொம்மையைத் தவிர எது தெரிந்தாலும் அதுவும் ஆவியாகும்: சுவரின் மூலை, தரையின் மூட்டு, ஒயர். மேட் கறுப்புப் பெயின்ட் போதாது, வெல்வெட் வேண்டும். வெல்வெட்டின் இழை படியும் திசை எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இழை மேல்நோக்கி இருந்தால் இன்னும் ஆழமான கறுப்பு. ஒரு துண்டு தலைகீழானால், சுவரில் வெளிறிய பட்டை ஒன்று நிற்கும்.

ஆவியும் நாற்காலியும் ஒரே அளவு பளிச்சென்று தெரிய, பொம்மைக்கு ஒன்பது மடங்கு வெளிச்சம் தேவை: நாற்காலிக்கு 30 லக்ஸ் என்றால் பொம்மைக்கு 270. மங்கலாக்குவதில்தான் மலிவான எல்இடி காலை வாரும். அடிமட்டத்துக்கு வந்ததும் கரையாமல் டக்கென்று அணையும். போன் கேமராவில் கோடு கோடாகத் தெரியும். ஆலஜன் விளக்கு சூடாகும், மின்சாரம் தின்னும். ஆனால் கடைசி இழைவரை கரையும்.

ஜன்னல் அளவை வரைபடத்தில் முடிவு செய்யாமல் நூல் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் பெரியவரின் கண் உயரமான 155 செ.மீ.யில் ஒரு முனை, குழந்தைக்கு 100 செ.மீ.யில் இன்னொரு நூல். ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும் நூல் கண்ணாடியில் முடிய வேண்டும். கண்ணாடிக்கு வெளியே போனால் அங்கே நிற்பவர் கண்ணாடியின் விளிம்பைப் பார்ப்பார். நேரே பொம்மையைத் தொட்டால் கதை முடிந்தது. அவசர வழிப் பலகையின் பச்சை வெளிச்சத்தையும் இப்போதே தேடுங்கள். அதை அணைக்க முடியாது, கண்ணாடியில் விழுந்தால் ஆவியின் மார்பில் ‘எக்ஸிட்’ எரியும்.

ரகசியத்தைக் கடைசிவரை காக்க வேண்டுமா? அர்ஜென்டினா கலைஞர் லியாண்ட்ரோ எர்லிக் 2013இல் லண்டன் டால்ஸ்டனில் ஒரு வீட்டு முகப்பைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் பிரதிபலிக்கும் பெரிய பரப்பை 45 டிகிரியில் சாய்த்தார். தரையில் படுத்தவர்கள் பிம்பத்தில் ஜன்னலைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை, கூட்டமும் குறையவில்லை. ஆவி நிறுவலிலும் பார்த்து முடித்தவர் பக்க அறைக்குள் போய்ப் பொம்மையைக் காண ஒரு வழி விடலாம். அந்த வழிக்கு மட்டும் கறுப்புத் திரை இரண்டு அடுக்காக, நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். ஒற்றைத் திரையென்றால், ஒருவர் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் ஜன்னலில் நிற்பவருக்கு ஆவி வெளுத்துப்போகும்.