உருண்டை வந்தால் மட்டும் ஸ்டெம் செல் ஆகிவிடாது

ஸ்டெம் செல் தன்மையோடு தொடர்புடைய சாக்ஸ்2 புரதத்தைக் குறைத்தால் மார்பகப் புற்றுசெல்லின் ஸ்டெம் குணம் (தன்னைத்தானே புதுப்பித்துப் பெருகும் திறன்) குறைகிறதா? பார்க்க உதவுவது மேமோஸ்ஃபியர் சோதனை: தனிச்செல்களை மிதக்கவிட்டு, எத்தனை பெருகி உருண்டையாகின்றன என்று எண்ணுவது. தேவை: சீரம் இல்லாத வளர்ப்பு ஊடகம், பி27 (சீரத்துக்குப் பதிலான ஊட்டக் கலவை), மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இஜிஎஃப் (செல் பெருகத் தூண்டும் புரதம்), செல் ஒட்டாத தட்டு, 7 முதல் 10 நாள். 50 மைக்ரானுக்கு மேலுள்ள உருண்டைகளை மட்டும் எண்ணுவது வழக்கம்.

கெடுவது விதைக்கும்போதே. செல்களை நெருக்கமாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். ஒரே செல் பெருகி வந்த உருண்டை அல்ல அது. நடுவில் தட்டை எடுத்து ஆட்டினாலும் இதே கதிதான் (ஆசை யாரை விட்டது!). 40 மைக்ரான் சல்லடையில் வடித்து, நுண்ணோக்கியில் தனிச்செல்தானா என்று பார்த்தபிறகு விதையுங்கள்.

இன்னொரு பொறி: சாக்ஸ்2 குறைந்த செல் மெதுவாகப் பெருகினாலே உருண்டை 50 மைக்ரானைத் தொடாது, எண்ணிக்கையும் சரியும். அதனால் முதல் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், உருண்டையைத் தனிச்செல்களாகக் கலைத்து, செல்களை அதே எண்ணிக்கையில் மறுபடி விதைத்து இரண்டாம் தலைமுறை உருண்டைகளையும் எண்ண வேண்டும்.