அஞ்சுக்கு ரெண்டு

போன வருடம் ஆடி மாதம். வயிற்றுப்போக்கு வந்து நின்று பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் பாதம் இரண்டும் மரத்த மாதிரி இருந்தது. மறுநாள் மாடிப்படியில் கால் மடங்கியது. மூன்றாம் நாள் சீப்பைப் பிடித்துத் தலை வார முடியவில்லை. கில்லன்-பாரே என்றார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சொந்த நரம்புகளையே தாக்கிவிடுகிற நோய். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியே ஏற்றினார்கள். அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் என் தசைகளின் பலத்தை அளந்தார்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தினமும் காலையில் பிசியோ தம்பி வருவார். முதலில் மூச்சு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ணுகிறேன் என்று பார்ப்பார். எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசையும் தளர்கிறது என்று அர்த்தம். முதல் நாள் 22, அடுத்த நாள் 16. அன்றே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். ஆறு இடம், இரண்டு பக்கம், ஒவ்வொன்றின் பலத்துக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண். ஆகமொத்தம் 60. எனக்கு 26.

"தூக்குங்க டீச்சர், இன்னும், இன்னும்" என்பார். கை மெத்தையிலேயே நகரும், எழும்பாது. சுற்றி நாலு பேர் நிற்கும்போதே "ரெண்டு" என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வார். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். அஞ்சுக்கு ரெண்டு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். அவர் போனதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் வேறொரு பிசியோ அம்மா வந்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஒரு வழவழப்பான பலகையில் பவுடரைத் தூவி, மேல் காலை அதில் கிடத்தி, "இப்ப நீட்டுங்க" என்றார். கால் முழுசாக நீண்டது! "இதுதாம்மா ரெண்டு. ஈர்ப்பு விசை குறுக்க வராதப்ப முழுசா அசையுது. அதை எதிர்த்துத் தூக்கினா மூணு. எதிர்ப்பக்கம் நான் கொஞ்சம் அழுத்தியும் தாங்கினா நாலு." இருபது வருடமாக ஈர்ப்பு விசை பாடம் நடத்துகிறேன், அது என் முழங்காலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. ரெண்டு என்பது தோல்வி இல்லை, அந்தத் தசைக்கு நரம்பு வழி திறந்திருக்கிறது என்ற செய்தி. முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் யாரையாவது இப்படி அளந்தால், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒன்பது நாள் கழித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். குதிகால் மெல்ல மேலே போய், நடுங்கிக்கொண்டே நின்றது. மூணு.

வீட்டுக்கு வந்தபின் புறநோயாளியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பிசியோதெரபி முதுகலை படிக்கும் ஒரு பெண் தன் ஆய்வில் சேர முடியுமா என்று கேட்டாள். தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சையில் அதனால் எந்தக் குறையும் வராது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவளிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டைனமோமீட்டர். அதைக் கணுக்காலுக்கு மேலே வைத்து, நான் தள்ளத் தள்ள எவ்வளவு விசை என்று காட்டும். காலுக்கு மூன்று தடவை. கையால் அழுத்திப் பார்த்ததில் இரண்டு காலுக்கும் நாலுதான். கருவியிலோ இடது கால் வலதில் மூன்றில் இரண்டு பங்குதான். நாலு என்பது அவ்வளவு அகலமாம். மூன்றைக் கொஞ்சம் தாண்டியதும் நாலு, முழு பலத்துக்குச் சற்றுக் குறைந்ததும் நாலு. இரண்டு மாதமாக நாலிலேயே நிற்கிறேனே என்று நான் தவித்ததெல்லாம் இதனால்தான். அஞ்சுக்கு இத்தனை என்கிற இந்த அளவுமுறை 1943-இல், போரில் நரம்பு அடிபட்டவர்களைச் சோதிக்க பிரிட்டனில் வெளியிட்டது என்று அவள்தான் சொன்னாள்.

அப்புறம் பேட்டி. போனில் பதிவைப் போட்டுவிட்டு, "அளக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு மேடம்?" என்றாள். ஏழு மாதத்தில் இதை யாரும் கேட்டதில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். தோளுக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்கியாகிவிட்டது, ஆனால் கரும்பலகையில் நாலு வரி எழுதியதும் கை தானாக இறங்குகிறது என்றேன். "அதை எழுத என் படிவத்துல கட்டமே இல்லை" என்றாள். அடுத்த முறை, கையைப் பத்துத் தடவை தொடர்ந்து தூக்கச் சொன்னாள். ஏழாவதில் இறங்கியது. அதையும் குறித்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில், என் பேச்சிலிருந்து அவள் எடுத்து எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினாள். சரியா என்று கேட்டாள். ஓர் இடத்தில், சோதனையின்போது நோயாளிக்குப் பயம் இருந்தது என்று இருந்தது. பயம் இல்லை, வெட்கம் என்றேன். அடித்துவிட்டு, மேலே வெட்கம் என்று எழுதினாள்.